டேனர் ஹாலோ ரோட்டில் ஒரு சிவப்புப் புள்ளி

இது நடந்தது. கதை கட்ட எனக்கு வராது. கீழே வரும் தேதியும் நேரமும் என் ஞாபகத்திலிருந்து சொல்கிறவை அல்ல. மாவட்டத்து மேப்பில் பதிவாகியிருப்பதைப் பார்த்து அப்படியே எழுதுகிறேன், ஒரு நிமிஷம்கூட முன்பின் இருக்காது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

என் பெயர் வென்டல் ஹூடாக். பென்சில்வேனியாவில் பிராடிக் மாவட்டம், ரோட்டு இலாகா. வண்டியில் அடிபட்டுச் செத்த பிராணிகளை அள்ளுவது என் வேலை. பதினோரு வருஷமாக அள்ளுகிறேன். மான், ரக்கூன், பூனை, யார் வீட்டு நாயோ... நாறாத நாள் கிடையாது. சேர்ந்த புதிதில் மதியச் சாப்பாடு இறங்காது. பிறகு பழகிவிட்டது. ஒரு கையில் மண்வெட்டி, ஒரு கையில் சாண்ட்விச் என்று நின்று தின்றிருக்கிறேன். நினைத்தால் இப்போது எனக்கே என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

முன்பெல்லாம் ஜனங்கள் ஆபீசுக்கு போன் பண்ணுவார்கள். இப்போது எல்லாம் மேப். போனைத் திறந்து, மாவட்டத்து மேப்பில் இடத்தைத் தொட்டு, ‘ரோட்டில் குழி’, ‘விழுந்த மரம்’, ‘செத்த பிராணி’ என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அங்கே ஒரு சிவப்புப் புள்ளி விழும். என் லாரித் திரையில் டிங் என்று சத்தம் வரும். புகார் கொடுப்பவர் பேர் போட வேண்டியதில்லை. பேர் வேண்டாம் என்றதும் ஜனங்களுக்கு வாய் எவ்வளவு நீளும் என்று நினைக்கிறீர்கள்? ‘சாயங்காலம் தோட்டத்தில் கறி சுடுகிறோம், விருந்தாளி வருவதற்குள் இந்தக் கருமத்தை எடுத்துத் தொலையுங்கள்.’ ஒருத்தன் செத்த ரக்கூன் கையில் பியர் டப்பாவைச் சொருகிப் படமெடுத்துப் போட்டிருந்தான். அதற்கு நாற்பத்திரண்டு பேர் சிரிப்புப் பொம்மை அனுப்பியிருந்தார்கள். புழு நெளிகிற உடம்பைப் பார்த்துக் குமட்டாத எனக்கு, அந்த நாற்பத்திரண்டைப் பார்த்துக் குமட்டியது.

அள்ளி முடித்ததும் அந்தப் புள்ளியிலிருந்து நூற்றைம்பது அடிக்குள் நின்று, காலி ரோட்டைப் படமெடுத்து, ‘எடுத்தாயிற்று’ என்று அழுத்த வேண்டும். புள்ளி பச்சையாகிவிடும். இதில் எங்கள் ஆட்கள் கண்டுபிடித்த ஒரு திருட்டு வழி உண்டு. நூற்றைம்பது அடிக்குள் நின்றால் போதுமே, இறங்கிப் பார்க்க வேண்டும் என்று மேப்புக்கு எப்படித் தெரியும்? பள்ளத்திலோ முள்ளுக்குள்ளோ கிடந்தால், லாரியை ஓரம் கட்டி, சுத்தமான ரோட்டைப் படம் பிடித்து அழுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். மிச்சத்தைக் கழுகு பார்த்துக்கொள்ளும். ‘தேடினேன், கிடைக்கவில்லை’ என்று அழுத்தினால் மறுநாளும் வந்து தேட வேண்டும். எந்த மடையன் அதை அழுத்துவான்?

புகார் கொடுத்தவர் மறுபடி வந்து, ‘இன்னும் இங்கேயே கிடக்கிறது’ என்று புள்ளியைத் திறந்துவிட்டால்தான் மாட்டிக்கொள்வோம். அந்தக் கோடையில் எனக்கு இரண்டு முறை அப்படி ஆகிவிட்டது. மேலதிகாரி கிளிஃபர்ட் கடிதமே கொடுத்துவிட்டார். மூன்றாவது முறை நடந்தால் வேலை காலி. ஐம்பத்து மூன்று வயதில், இடுப்பு வலியோடு, செத்த ரக்கூன் அள்ளத் தெரிந்தவனுக்கு வேறு யார் வேலை தருவார்கள்? அந்தக் கடிதம் தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் இது நடந்தது.

ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை. பகல் 11:52. டிங்.

ரேடியோவில் ரொவீனா வந்தாள். ஆபீசில் பெரிய திரையின் முன்னால் உட்கார்ந்து எல்லா லாரிகளையும் ஏவுகிறவள் அவள்தான்.

“வென்டல், டேனர் ஹாலோ ரோட்டுல ஒண்ணு விழுந்திருக்கு பாரு.”

“என்னது, மானா?”

“படம் இல்ல. ‘பெருசு. நாத்தம் தாங்க முடியல. ரோட்டுக்குக் கீழ, குழாய்க்குள்ள.’ அவ்வளவுதான் எழுதியிருக்கு.”

“குழாய்க்குள்ள எவன் போய்த் தலைய விட்டுப் பாத்தான்?”

“உனக்குன்னே தேடிக் கண்டுபிடிச்சிருக்கான் போல. போ ராசா, நல்லா மோந்துட்டு வா.”

டேனர் ஹாலோ ரோடு இரண்டு குன்றுக்கு நடுவே போகிறது. வீடு கிடையாது. போன் சிக்னலும் கிடையாது, லாரித் திரை மட்டும் ரேடியோ வழியாக ஓடும். ஒரு திருப்பத்தில், ரோட்டுக்கு அடியில் மழைத்தண்ணீர் போவதற்காக நெளிநெளியான தகரக் குழாய் பதித்திருக்கிறார்கள். ஆள் தவழ்ந்து போகிற அகலம். அதன் வாய் இருபதடிப் பள்ளத்தில், கருப்புப் பெர்ரிப் புதருக்குப் பின்னால்.

12:20க்கு லாரிக் கதவைத் திறந்தேன்.

சீ...

பதினோரு வருஷத்தில் நான் பார்க்காத நாற்றமா? வெயிலில் ஒரு வாரம் ஊதிக் கிடந்து, தூக்கும்போது கையிலேயே வெடித்த மானைப் பார்த்தவன் நான். இது அது இல்லை. இதில் ஒரு தித்திப்பு இருந்தது. அழுகின தித்திப்பு. மூக்கில் ஏறவில்லை, நேராக நாக்கில் வந்து படிந்தது. லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு காலையில் தின்றதை எல்லாம் வாந்தியெடுத்தேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன்.

ஈ இல்லை.

ஒரு ஈகூட இல்லை. மேலே பார்த்தேன். கழுகும் இல்லை. இன்னொன்றும் சரியாக இல்லை... காற்று என் முதுகுப் பக்கமிருந்து பள்ளத்தை நோக்கி வீசிக்கொண்டிருந்தது. நாற்றம் மட்டும் காற்றை எதிர்த்து மேலே வந்தது.

கீழே இறங்க நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். முடியவில்லை, அருவருப்பு அப்படி. லாரித் திரையைக் கழற்றிக் கையில் எடுத்தேன். காலி ரோடு. ஒரு படம். ‘எடுத்தாயிற்று.’

12:31. பச்சை.

அன்று வீட்டில் மூன்று முறை குளித்தேன். நாற்றம் போகவில்லை.

மறுநாள், ஆகஸ்ட் 10, காலை 6:05. டிங். அதே இடம். ‘இன்னும் இங்கேயேதான். சீக்கிரம்.’

மூன்றாவது முறை. ரேடியோவை விட்டுவிட்டு நேரே ரொவீனாவின் மேஜைக்கு ஓடினேன்.

“கத்தாத. கிளிஃபர்ட் இன்னும் வரல. இத புதுப் புகார்னு மாத்திடறேன், உன் கணக்குல வராது” என்றாள். “ஆனா நேத்து இறங்கிப் பாத்தியா இல்லியா?”

“பாத்தேன்.”

“மூஞ்சியப் பாத்தாலே தெரியுது நீ பாத்த லட்சணம். இந்த ஒரு தடவதான். போய் ஒழுங்கா எடுத்துட்டு வா.”

“ரொவீனா... என் சட்டை நாறுதா?”

கிட்டே வந்து முகர்ந்தாள். “சோப்பு வாசனதான் வருது. ஏன்?”

7:10க்கு டேனர் ஹாலோவில் நின்றேன். நாற்றம் நேற்றைவிட அதிகம். கைக்குட்டையை நனைத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். முள் கையைக் கிழித்தது. ஐந்தடி. எட்டடி. பத்தடி. புதருக்கு நடுவே குழாயின் கருத்த வாய் தெரிந்தது.

அப்போது கேட்டது.

டங்.

தகரத்தில் ஏதோ தட்டுகிற சத்தம். நின்றேன்.

அமைதி.

ஈ இல்லை. பறவை இல்லை. என் மூச்சு மட்டும்.

ஓர் அடி வைத்தேன்.

டங்... டங்...

உள்ளே ரக்கூன் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிணத்தைத் தின்ன வந்த ரக்கூன். ‘யாரது’ என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. வாயைத் திறந்தால் அந்த நாற்றம் உள்ளே போய்விடும். அதற்காகவே வாயைத் திறக்கவில்லை.

ஓர் அடி பின்னால் வைத்தேன்.

டங் டங் டங்.

இன்னோர் அடி பின்னால்...

டங் டங் டங் டங் டங் டங்...

நான் விலக விலக வேகமாகத் தட்டியது.

நான் போவது அதற்குத் தெரிந்திருந்தது.

ஓடினேன். மேலே எப்படி ஏறினேன் என்று தெரியாது. லாரிக்குள் விழுந்து கதவைச் சாத்தினேன். கண்ணாடி மூடியிருந்தும் கேட்டது.

டங்...

டங்...

7:24. ‘எடுத்தாயிற்று.’ பச்சை.

ஆகஸ்ட் 11. ஒன்றும் வரவில்லை. நாள் முழுக்க ஒவ்வொரு டிங்குக்கும் உடம்பு தூக்கிப்போட்டது. லாரி இருக்கையைப் பிளீச் ஊற்றித் தேய்த்தேன். விரல் தோல் உரிந்ததுதான் மிச்சம், நாற்றம் அங்கேயே இருந்தது.

ஆகஸ்ட் 12, வெள்ளி. காலை ஆறு மணிக்கு லாரியைத் திறந்தேன். உள்ளே பிளீச் வாசனை. வேறு எதுவும் இல்லை. என் கையை முகர்ந்தேன். சட்டையை முகர்ந்தேன். சுத்தம்.

திரையில் டேனர் ஹாலோ புள்ளியைத் தொட்டுப் பார்த்தேன். புகார் கொடுத்தவரே கடைசியாக ஒரு வரி சேர்த்திருந்தார். நேரம் விடியற்காலை 4:17.

‘இனி அவசரமில்லை.’

எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆபீசில் இரண்டு டோனட் தின்றேன். ஒன்றில் ஸ்ட்ராபெரி ஜாம். அதன் ருசிகூட இன்னும் நாக்கில் இருக்கிறது, சனியன்.

அடுத்த வாரம் பேய்மழை. டேனர் ஹாலோ ரோட்டில் தண்ணீர் ஏறிவிட்டது. 19ஆம் தேதி, குழாய் அடைப்பை எடுக்கப் போன ஆட்கள், உள்ளே மான் செத்துக் கிடக்கிறது போல என்று பிராணி லாரியைக் கூப்பிட்டார்கள். பிராணி லாரி என்றால் நான்தான்.

காலை 9:40. கதவைத் திறந்தேன்.

அதே நாற்றம். அழுகின தித்திப்பு. பத்து நாளைக்கு முன் என் நாக்கில் படிந்த அதே நாற்றம், கொஞ்சமும் மாறாமல். இந்தத் தடவை ஈ இருந்தது. புதர் மேல் கருப்புப் போர்வை மாதிரி ஈ. மேலே ஏழு கழுகு.

டார்ச் அடித்தவன் திரும்பி என்னைப் பார்த்தான். “வென்டல்... இது மான் இல்லப்பா. ஷூ போட்டிருக்கு.”

ஜோசஃபின் பாலிக். வயது அறுபத்தெட்டு. மூன்று மைல் தள்ளித் தனியாக வசித்தவர். தேட ஆள் இல்லை, அதனால் யாரும் தேடவில்லை. 8ஆம் தேதி சாயங்காலம் பெர்ரி பறிக்க வந்து பள்ளத்தில் விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிவு. வெயிலுக்கு ஒதுங்க அந்தக் குழாய்க்குள் தவழ்ந்து போயிருக்கிறார். போன் வீட்டுச் சமையலறையில் சார்ஜரில் கிடந்தது. அதிலிருந்து எந்தப் புகாரும் போகவில்லை. அந்தப் புள்ளியை வைத்தது யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

22ஆம் தேதி ஷெரீஃப் ஆபீசிலிருந்து பிராக் என்ற அதிகாரி வந்தார். சின்ன அறை. வாசல் நிலையில் சாய்ந்தபடி கிளிஃபர்ட் நின்றுகொண்டிருந்தார். பிராக்கின் கையில் மேப்பின் பதிவுத் தாள்.

“மிஸ்டர் ஹூடாக், ஒம்பதாம் தேதியும் பத்தாம் தேதியும் நீங்க அங்க போயிருக்கீங்க.”

“ஆமா சார். செத்த பிராணின்னு புகார். ரோடு பூரா நாத்தம். வாந்தியே எடுத்துட்டேன்.”

“என்ன நாத்தம்?”

“பிண நாத்தம் சார். அந்தம்மா நாத்தம்தான். பத்தொம்பதாம் தேதி வந்ததும் அதேதான்.”

அவர் தாளைக் கீழே வைத்தார்.

“குழாய்க்குள்ள வேற எதுவும் சாகல. ஒரு எலிகூட இல்ல. அந்தம்மா செத்தது பன்னெண்டாம் தேதி, விடியக்காலம் நாலு மணி சுமாருக்குன்னு டாக்டர் எழுதியிருக்காரு. நீங்க போன ரெண்டு நாளும் அவங்க உயிரோடதான் இருந்தாங்க.”

அவர் மறுபடி தாளை எடுத்தார்.

“இன்னும் ஒண்ணு கேக்கணும். அவங்க கையில ஒரு கல்லு இருந்துச்சு. தகரத்துல உள்பக்கமா ஏகப்பட்ட தட்டின தடம். மேல யாராவது வந்தா தட்டியிருப்பாங்க போல. பத்தாம் தேதி நீங்க போனப்ப ஏதாவது சத்தம் கேட்டுச்சா?”

நிலையில் சாய்ந்திருந்த கிளிஃபர்ட் நிமிர்ந்தார்.

“இல்ல” என்றேன்.

பிராக் அதை எழுதிக்கொண்டு, கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு வழக்கம்போல லாரியை எடுத்தேன்.