சத்தம் போடாத பிட்டு

இரும்பில் ஓட்டை போடுகிறவனிடம் ஓட்டை ஆச்சா என்றுதான் கேட்பார்கள், சோறு ஆச்சா என்று கேட்க மாட்டார்கள். ஒரு மிஷின் முன்னால் தனியாக நின்று வயிறு கழுவியவர்கள் இதைப் படித்தால், அவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

கோயமுத்தூருக்குக் கரண்டு வந்த புதிது. ஒரு பட்டறையில் டிரில் மிஷின் வேலை கிடைத்தது. இரும்பு கடையும் லேத்துகள் எல்லாம் பெரிய கொட்டகையில். என் மிஷின் மட்டும் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே. அங்கே நானும், சோப்புத் தண்ணி சொட்டும் ஒரு டப்பாவும்.

காய்ச்சல்

சேர்ந்த வாரமே அவசரத்தில் அழுத்தி ஓட்டி, மிஷினில் மாட்டி ஓட்டை போடும் பிட்டின் நுனி சூட்டில் சிவந்துபோயிற்று. பதறிப்போய் அப்படியே தண்ணீர் வாளியில் முக்கினேன். எடுத்துப் பார்த்தால் நுனியில் முடி மாதிரி ஒரு விரிசல். மறுபடி இரும்பில் வைத்ததும் தெறித்துவிட்டது. சூடேறாமல் இருக்கச் சோப்புத் தண்ணியை முதலிலிருந்தே சொட்டவிட்டிருக்க வேண்டும். மேஸ்திரி என் கொட்டகைக்குள் வந்தது அந்த ஒரு தடவைதான். திட்டவில்லை. துண்டுகளைப் பொறுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"காய்ச்சக்காரனத் தூக்கிக் கெணத்துல போடுவாங்களா கண்ணு? அவனா ஆறட்டும்னு உடோணும்."

விருந்தாளி

கூரான பிட்டுக்குச் சத்தம் கிடையாது. இரும்பு சுருள் சுருளாக வரும், அவ்வளவுதான். மழுங்கினால் கிறீச்சென்று கத்தும். ஒரு நாள் தீட்டச் சோம்பல்பட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். லேத்துக்கார ரங்கசாமி காதைப் பொத்திக்கொண்டு வந்தான். வந்தவன் பெட்டிமேல் உட்கார்ந்து, எனக்கும் வெற்றிலை மடித்துக் கொடுத்து, மாமியார் ஊட்டுச் சண்டையெல்லாம் சொன்னான். அந்த மாதத்தில் நான் ஒரு ஆளோடு உட்கார்ந்து பேசியது அதுதான்.

அப்புறம் வாரம் ஒரு நாள் வேண்டுமென்றே தீட்டாமல் ஓட்டுவேன். ஒவ்வொரு தடவையும் வருவான், அதே பேச்சோடு:

"ஏனுங்ணா, பிட்டத் தீட்டறீங்களா, இல்ல நான் சூலூருக்கே ஓடிப்போயிரட்டுங்களா?"

மூணு நூல் பிட்டு

தொண்டாமுத்தூர் விவசாயி ஒருவர் பம்பில் சுழலும் இரும்புத் தண்டான புது ஷாப்ட்டோடு வண்டி கட்டி வந்தார். அதில் பின் ஆணி போட மூணு நூல், அதாவது அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக, ஒரு ஓட்டை வேண்டும். நாலு நாளாகத் தண்ணியில்லாமல் வாழை வாடுகிறது என்றார். அந்த மூணு நூல் அளவுக்கு என்னிடம் இருந்தது ஒரே பிட்டு, அதுவும் மழுங்கல். தீட்டியிருக்கலாம். ரங்கசாமியைப் பார்த்துப் பத்து நாளாயிற்றே என்று அப்படியே வைத்தேன். கத்தியது. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்தபோது நுனி சூட்டில் பதம் கெட்டு நீலம் பூத்திருந்தது. ஓட்டையின் அடி தேய்ந்து கண்ணாடி மாதிரி இறுகிக் கிடந்தது. பிட்டு போனால் அவர் வாழையும் போச்சு.

இறுகிய இரும்புக்குச் சோப்புத் தண்ணி போதாது என்று, சொட்டவிட விளக்கெண்ணெய் வாங்கப் பெரிய கொட்டகைக்குப் போனபோதுதான் தெரிந்தது. ரங்கசாமி போன வாரமே சூலூர்ப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டானாம். எனக்கு யாரும் சொல்லவில்லை.

நீலம் போகிற வரைக்கும் எமரிக் கல்லில் கொஞ்சம் கொஞ்சமாக, சூடேறாமல் தீட்டினேன். பெல்ட்டை மாற்றி மிஷினை மெதுவாக ஓடவிட்டேன். விவசாயி பக்கத்தில் நின்று எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார். பொழுது சாயும்போது பிட்டு மறுபக்கம் வந்தது, சத்தமில்லாமல். அவர் ஷாப்ட்டைத் தோளில் வைத்துக்கொண்டு, போகிற போக்கில் கேட்டார்:

"ஏனுங்க, மத்தியானம் அத்தன நேரம் கத்துச்சுங்களே, ஒருத்தருங்கூட எட்டிப் பாக்கலீங்களே?"

அதற்கப்புறம் அங்கே இருந்த வருஷமெல்லாம் என் பிட்டு ஒன்றுகூடக் கத்தவில்லை, நல்ல வேலைக்காரன் என்று பெயர் வாங்கினேன்.