செட்டிகுளத்துக்கு வண்டி போகவில்லை

செட்டிகுளம் இருசம்மாளுக்குச் சொந்த நிலம் கிடையாது. அடுத்தவர் காட்டில் சின்ன வெங்காயம் நடுவார், களை எடுப்பார், அறுப்புக் காலத்தில் தாள் அரிந்து தரம் பிரிப்பார். புருஷன் இறந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஒரே மகள் ஜோதிக்கு இருபது வயது. அறிவு நாலு வயதிலேயே நின்றுவிட்டது. அப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்க்கிற பெரம்பலூர் காப்பகத்தில் ஜோதி இருந்தாள். அங்கே நான் வண்டி ஓட்டுகிறேன். பிள்ளைகளிடம் காசு வாங்குவதில்லை. எல்லாம் நன்கொடையில் நடக்கிறது.

மகளை அங்கே சும்மா விட்டு வைக்க இருசம்மாளுக்கு மனம் ஒப்பவில்லை. ஒவ்வொரு அறுப்புக்கும் கூலியோடு கிடைக்கிற வெங்காயத்தில் பொடியை வீட்டுக்கு வைத்துக்கொண்டு, பருத்ததை மூட்டை கட்டி வைப்பார். நான் போய் எடுத்து வருவேன். போகிற அன்று கஞ்சி கொடுக்காமல் அனுப்ப மாட்டார்.

"எம்புள்ள ஓசிச்சோறு திங்கல அண்ணே" என்பார்.

"மத்த அம்பது புள்ளையும் சேந்துல்ல திங்குது?"

"திங்கட்டுமே. ஏப்பம் வுடறப்ப எம்பேரச் சொல்லட்டும்."

போன வருஷம் எங்கள் ஆபீஸில் கணக்குப் பார்க்கிற தமிழ்மாறன், நன்கொடை கொடுத்தவர்கள் பேரையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏ.ஐ.யிடம் கொடுத்தார். யாரிடம் போனால் பெரிய தொகை வரும், யாரிடம் போனால் டீசல் காசுகூடத் தேறாது என்று அது பிரித்துக் கொடுத்தது. போக வேண்டியவர்கள் பச்சை, வேண்டாதவர்கள் சிவப்பு. இருசம்மாள் சிவப்பு.

"செட்டிகுளம் இனிமே வேண்டாம்ணே" என்றார் தமிழ்மாறன்.

'தம்பி, அது நம்ம ஜோதியோட அம்மா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அந்த ரோடு அப்போது குண்டும் குழியுமாகக் கிடந்தது. ஒரு நடை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன்.

சிவப்பில் இருந்தவர்களுக்கெல்லாம் அந்த ஏ.ஐ.யே மரியாதையாக ஒரு சேதி எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பியது. இருசம்மாளிடம் போன் கிடையாது. பக்கத்து வீட்டுக் கலையரசி, தன் போனில் வந்ததை அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். 'இதுநாள்வரை செய்த உதவிக்கு நன்றி. இனி எங்கள் ஊழியர்கள் நேரில் வந்து உங்களைச் சிரமப்படுத்த மாட்டார்கள்.'

மூன்றாம் நாள் இருசம்மாள் காப்பகத்துக்கு வந்து, கோயில் திருவிழா என்று சொல்லி ஜோதியைக் கூட்டிப் போனார். திருவிழா முடிந்து ஒரு மாதமாகியும் கொண்டுவந்து விடவில்லை. போய் அழைத்து வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள்.

காட்டில் பெண்கள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்கள். ஜோதி வேப்பமரத்தடியில் சாக்கில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. அதனால் அவள் இடுப்பில் பழைய சேலையைச் சுற்றி, மறுமுனையை மரத்தில் கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் "வண்டி, வண்டி" என்று எழுந்தாள். சேலை இழுத்து உட்கார வைத்தது.

"வாங்க டிரைவர் சார்" என்றார் இருசம்மாள். அதுவரை என்னை அண்ணே என்று கூப்பிட்டவர்.

"ஜோதியக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேம்மா."

"எங்க வூட்டுப் பொருளு ஆவாதுன்னா, புள்ள மட்டும் எப்படி ஆவும்?"

"அது கம்ப்யூட்டர் போட்ட லிஸ்டும்மா. நாங்க யாரும் எழுதல."

அரிகிற கை நிற்கவில்லை. "கம்ப்யூட்டருக்கு எங்க வூடு தெரியாது. உங்களுக்குமா தெரியாது?"

"கேளு, நல்லா கேளு! ஒவ்வொரு வாட்டியும் கஞ்சி குடிச்சிட்டுப் போனவருதானே" என்றாள் பக்கத்தில் இருந்தவள். எல்லோரும் சிரித்தார்கள்.

"தெரியும்மா. ரோடு சரியில்லன்னு வுட்டுட்டேன்" என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "ரோட்டுக்காகவா?"

மறுபடி குனிந்து அரிய ஆரம்பித்தார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். வெறும் வண்டியோடு திரும்பினேன்.

எட்டு நாள் கழித்து அவரே ஜோதியை பஸ்ஸில் கூட்டி வந்தார். பிள்ளை 'வண்டி, வண்டி' என்று ஓயாமல் கேட்டு அழுததாம். தலையில் வெங்காய மூட்டை. இறக்கிவிட ஓடினேன்.

"வேணாங்க, நானே எறக்கிக்கிறேன்."

நான் சொல்லித் தமிழ்மாறன் அவர் பேரைப் பச்சைக்கு மாற்றிவிட்டார். ஆனால் ஒவ்வொரு அறுப்புக்கும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து காப்பகம் வரை இருசம்மாளே மூட்டையைச் சுமந்து வருகிறார். எதிரே என் வண்டி வந்தால், மூட்டையோடு ஓரமாக ஒதுங்கி நின்று வழி விடுகிறார்.