அம்மாவின் கையுறைக்குள் ஒரு துணித்துண்டு

இளங்கலை வேதியியலில் ஆய்வு செய்யப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், பாதி வருடம் குடுவை கழுவப் போகிறார், மீதிப் பாதி கருவிக்கு வரிசையில் நிற்கப் போகிறார் என்று புரிந்துகொள்ள வேண்டும். உங்களில் சிலரும் இதை அனுபவித்திருப்பீர்கள். அசிட்டோன் நாற்றத்தோடு பஸ் ஏறி, பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போனதைப் பார்த்திருப்பீர்கள். நான் மலேசியாவில், ஜொகூர் பாருவுக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில் படித்தேன். வீடு காஹாங்கில். அப்பா இறந்துவிட்டார். அம்மாவுக்கு, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை. களைக்கொல்லியைத் தோட்டத்தில் யாரும் களைக்கொல்லி என்று சொல்ல மாட்டார்கள், மருந்து என்றுதான் சொல்வார்கள். என் இறுதியாண்டு ஆய்வு அந்த மருந்தைப் பற்றியது.

ஆள் எடுத்தாச்சு

மூன்றாம் ஆண்டு முடியும்போது எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள்: ஆளுக்கு ஒரு விரிவுரையாளரைப் பிடித்து, அவரிடம் இறுதியாண்டு ஆய்வு செய்யச் சம்மதம் வாங்க வேண்டும். நான் கதவு கதவாகத் தட்டினேன். எல்லாரும் ஆள் எடுத்துவிட்டிருந்தார்கள். ஒருவரிடம் மட்டும் இடமிருந்தது. செம்பனைக் கொட்டையின் ஓட்டைக் கரியாக்கி, அதை வைத்துச் சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆய்வு. எங்களுக்கு முன்னால் படித்தவர்களும் அதையேதான் செய்திருந்தார்கள். என் வகுப்புத் தோழன் கவின், கூலாய் ஊர்க்காரன், அந்த இடத்தை எடுத்துக்கொண்டான்.

கடைசியாக டாக்டர் ஷமீமாவிடம் போனேன். குளுவாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். ஒப்பந்த வேலையில் புதிதாக வந்தவர், அறையைக்கூட இன்னொருவரோடு பங்கு போட்டிருந்தார். என்ன செய்ய ஆசை என்று கேட்டார். அம்மாவின் நகங்கள் கருத்து, பிசுபிசுத்து, ஒவ்வொன்றாகக் கழன்று வருவதைச் சொன்னேன். கையுறை போட்டும் மருந்து உள்ளே எவ்வளவு போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றேன். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் இருந்த புத்தகங்களை எடுத்துக் கீழே வைத்தார்.

"என்கிட்ட கருவியும் இல்ல, ஆளும் இல்ல. நீ பேசாம அந்தக் கரி ஆய்வுக்கே போயிருக்கலாம். சரி, உட்காரு."

சம்மதம்

தோட்ட அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டோம். தொழிலாளர்களின் உடையில் துணித்துண்டு தைத்துச் சோதிக்க அனுமதி இல்லை என்று பதில் வந்தது. மற்ற பெண்களிடம் பேசவே கூடாது என்றும் அதில் இருந்தது. மிஞ்சியது அம்மா மட்டும்தான். சொந்தச் சட்டைக்குள் என்ன வைத்துக்கொள்வது என்பது அவர் இஷ்டம். பல்கலைக்கழகத்து ஆய்வு நெறிமுறைக் குழு அதற்குச் சம்மதித்தது. ஆனால் அம்மா எழுத்து மூலம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றது.

சம்மதத் தாள் மலாயில் இருந்தது. அம்மாவுக்கு மலாய் பேச வரும், நீளமாக வாசிக்க வராது. சமையலறையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். இதனால் ஆபத்து ஏதும் வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது. இதில் சேர மறுத்தாலும் யாரும் உங்களைத் தண்டிக்க மாட்டார்கள் என்று இருந்தது. விரும்பினால் எந்த நேரமும், காரணம் சொல்லாமலே, விலகிக்கொள்ளலாம் என்றும் இருந்தது. அந்த வரியை மட்டும் அம்மா இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். கேட்டுவிட்டுப் பேனாவை வாங்கிக்கொண்டார்.

"எப்ப வேணும்னாலும் விலகிக்கலாமா? மருந்தடிக்கிற வேலையில சேரும்போது இப்படி ஒரு பேப்பர எவனும் குடுக்கலயே."

யாரும் வராத நாள்

என் பழைய பருத்திச் சட்டை ஒன்றைச் சதுரம் சதுரமாக வெட்டினேன். கையுறைக்குள் உள்ளங்கைப் பக்கம் ஒன்று, முழங்கைக்கு மேல் ஒன்று, நெஞ்சுப் பக்கம் ஒன்று. மருந்தடித்து முடித்ததும் அவற்றைப் பிரித்தெடுத்து, கரைப்பானில் ஊறவைத்து, எவ்வளவு மருந்து இறங்குகிறது என்று கருவியில் பார்க்க வேண்டும். இதுதான் முறை.

விடிந்ததும் அம்மாவோடு லோரியில் ஏறிப் போனேன். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் முனியாண்டி எங்கள் தூரத்து உறவு, நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். சாலை ஓரத்தில் நின்று பார்த்துக்கொள், உள்ளே வராதே என்றார். அம்மா தோளில் பம்பை மாட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் போனார். சாலையிலிருந்தே காற்றில் மருந்து வாடை தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவருடைய பம்பின் மூக்கு அடைத்துக்கொண்டது. அம்மா கையுறையைக் கழற்றி, வெறுங்கையால் திருகைத் திறந்து, குச்சியால் குத்தி, ஊதிச் சரி செய்தார். ஆமாம், வாயால்தான் ஊதினார். பிறகு ஈரக் கையைக் கைலியில் துடைத்துவிட்டு, அதே கையைக் கையுறைக்குள் விட்டுக்கொண்டார். மற்ற பெண்களைப் பார்த்தேன். பாதிப் பேர் கையில் கையுறையே இல்லை. மாமாவிடம் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை.

"ஆபீஸ்லேருந்து ஆள் வர்ற அன்னிக்கு எல்லாரும் போடுவாங்க. இன்னிக்குத்தான் யாரும் வரலயே."

வரிசை

கருவி வேறொரு துறையில் இருந்தது. முனைவர் பட்ட மாணவர்கள் முதலில், முதுகலை மாணவர்கள் அடுத்து. அவர்கள் யாராவது காய்ச்சலில் படுத்தால் எங்கள் முறை. இப்படிக் காத்திருக்கும்போது கருவியின் பம்பு கெட்டது. சரி செய்ய ஆள் கோலாலம்பூரிலிருந்து வர வேண்டும் என்றார்கள். அதுவரை மாதிரிகளைக் குளிரில் வைக்க வேண்டும். இளங்கலை மாணவர்களுக்கு என்று இருந்த ஃப்ரிட்ஜில் ஒரு தட்டைக் கவினின் கரித் தண்ணீர்ப் புட்டிகள் நிறைத்திருந்தன. என் புட்டிகளை அவற்றுக்கு மேல் சாய்த்து அடுக்கியிருந்தேன்.

கவினின் அப்பா தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருபவர். ஒரு காலை மழையில் லோரி இடித்து இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. இனி நடப்பாரா என்று டாக்டர்கள் சொல்லவில்லை. கவின் வகுப்புக்கு வருவது நின்றது. கொஞ்ச நாள் கழித்து அழைத்தான். அப்பா வேலை பார்த்த கிடங்கிலேயே இவனை எடுத்துக்கொண்டார்களாம், படிப்பைத் தள்ளிவைத்துவிட்டானாம். உன் மாதிரிகளை என்ன செய்யட்டும் என்று கேட்டேன். வேறு எதுவும் எனக்குக் கேட்க வரவில்லை.

"தூக்கிப் போட்டுடு லா. ஃப்ரிட்ஜ்ல இடம் கிடைக்கும், உனக்காவது ஆகட்டும்."

வெற்றுத் துணி

அளவெடுக்கும் ஆய்வு செய்தவர்களுக்கு வெற்று மாதிரி என்றால் என்னவென்று தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அம்மாவின் உடையில் தைத்த அதே சட்டையிலிருந்து வெட்டிய இன்னொரு துண்டு. தோட்டத்துக்குப் போகாதது. அதையும் அதே மாதிரி ஊறவைத்துக் கருவியில் விட வேண்டும். அதில் ஒன்றும் வரக்கூடாது. வந்தால், புட்டியிலோ கையிலோ எங்கேயோ மருந்து ஒட்டியிருக்கிறது, செய்தது அத்தனையும் குப்பை.

கருவி சரியாகி என் முறை வந்தபோது டாக்டர் ஷமீமாவும் கூட இருந்தார். கையுறைத் துண்டில் திரையில் கோடு மலைபோல எழுந்தது. அடுத்து வெற்றுத் துணி. அதிலும் ஒரு மேடு. சின்னதுதான், ஆனால் அதே இடத்தில். டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டார். புதுப் புட்டி எடுத்து இருவரும் முதலிலிருந்து செய்தோம். மறுபடியும் வந்தது. கடையில் புதுத் துணி வாங்கிவந்து, அதே புட்டி, அதே கரைப்பானில் செய்தோம். ஒன்றும் வரவில்லை. அப்படியென்றால் புட்டியில் குற்றமில்லை, கையிலும் குற்றமில்லை. அந்தப் பழைய சட்டை எங்கிருந்து வந்தது என்று கேட்டார். வீட்டில் போட்டுக்கொள்வது, அம்மாவின் தோட்டத்து உடுப்புகளோடு ஒரே மெஷினில்தான் துவைப்போம் என்றேன். சொல்லி முடிக்கும்போதுதான் எனக்கே உறைத்தது. டாக்டர் திரையை அணைத்தார். அடுத்த கேள்வியை மெதுவாகத்தான் கேட்டார்.

"அதப் போட்டுக்கிட்டுத்தான் தூங்குவியா, பவானி?"

மெஷின்

புதுத் துணியை வெட்டி, அம்மாவை இன்னொரு தடவை அனுப்ப வேண்டியிருந்தது. அம்மா அலுத்துக்கொள்ளவில்லை. எப்படியும் மருந்தடிக்கத்தானே போகிறேன் என்றார். இந்த முறை வெற்றுத் துணி சுத்தமாக இருந்தது. கையுறைக்குள் வைத்த துண்டில், முழங்கைக்கு மேல் தைத்ததைவிட அதிகமாக மருந்து இருந்தது. ஈரக் கையோடு உள்ளே போன மருந்துக்கு வெளியே வர வழியில்லை. வியர்வையில் ஊறிக்கொண்டே இருந்திருக்கிறது.

இதைச் சொல்லத்தான் அந்த வாரம் ஊருக்குப் போனேன். சட்டை விஷயத்தைச் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் இன்னும் பள்ளிக்குப் போகும் தங்கச்சியின் சீருடை மெஷினிலிருந்து வெளியே வருவதைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். திட்டவில்லை, அழவில்லை. எப்போதிலிருந்து என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். மறுநாள் வேலை முடிந்து வந்தவர் வீட்டுக்குள் வராமல், வெளிக்குழாயடியில் வாளியை வைத்து உட்கார்ந்து, தன் உடுப்புகளைக் கையால் துவைக்க ஆரம்பித்தார். நகம் போன விரல்களால், கையுறை இல்லாமல். சோப்புத் தண்ணீர் பட்டதும் முகம் சுருங்கியது. நான் வாளியைப் பிடித்து இழுத்தேன். அம்மா விடவில்லை.

"மெஷின் உனக்கும் தங்கச்சிக்கும் இருக்கட்டும். நீ உள்ள போ."

சுவரொட்டி

இறுதியாண்டு ஆய்வுகளைப் பெரிய தாளில் அச்சடித்து மண்டபத்தில் நிறுத்துவார்கள். நடுவர்கள் சுற்றி வருவார்கள். என் தாளில் வீட்டுச் சட்டை பற்றிய பகுதி இல்லை. திட்டமிடாத மாதிரி, அதற்கு யாரும் ஒப்புதல் தரவில்லை, போட முடியாது என்று துறைத் தலைவர் சொல்லிவிட்டார். டாக்டர் ஷமீமா அவர் அறைக்குப் போய் வாதாடிப் பார்த்தார். சிவந்த முகத்தோடு திரும்பி வந்தார்.

என்னிடம் வந்த நடுவர் ஒரு ரசாயன நிறுவனத்தில் பெரிய பதவியில் இருந்தவர், தமிழர். நிதானமாக எல்லாவற்றையும் வாசித்தார். முறை சுத்தம் என்றார். வெற்று மாதிரி நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். பிறகு, தொழிலாளர் எண்ணிக்கை ஒன்று என்று இருந்த இடத்தில் விரலை வைத்தார். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. அதுதான் இன்னும் வலித்தது.

"ஒரே ஆள்தானா? ஒரு ஆள வச்சு எதையும் சொல்ல முடியாதும்மா."

பிளாஸ்டிக் பை

பட்டம் கிடைத்தது. ஜொகூரிலேயே செனாய் பக்கம் ஒரு பெயிண்டுத் தொழிற்சாலையின் தரச் சோதனைப் பிரிவில் வேலையும் கிடைத்தது. டாக்டர் ஷமீமாவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவர் பினாங்குக்குப் போய்விட்டார். அரசாங்க கிளினிக்கில் அம்மாவின் கையைப் பார்த்த டாக்டர், மருந்து வேலை கூடாது என்று எழுதிக் கொடுத்தார். தோட்டத்தில் மறுப்புச் சொல்லாமல் உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். நகம் வளர்கிறது, கோணலாக. அம்மாவின் பம்பு எங்கள் வீட்டு வரிசையில் குடியிருக்கும் செல்வி அக்காவுக்குப் போனது. கைக்குழந்தைக்காரி.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது செல்வி அக்கா வந்தார். கையில் முடிச்சுப் போட்ட ஒரு பிளாஸ்டிக் பை. பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வருகிறதாம். பைக்குள் குழந்தைச் சட்டைகளை மடித்து வைத்திருந்தார், இவற்றிலும் மருந்து இருக்கிறதா என்று கருவியில் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். நான் இப்போது மாணவி இல்லை, அந்தக் கருவி இருக்கும் அறைக்குள் என்னை விடமாட்டார்கள் என்று எப்படிச் சொல்வது? பிள்ளையை கிளினிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். தோட்டத்து உடுப்பைத் தனியாக ஊறவைத்து, கையுறை போட்டுத் துவைக்கச் சொன்னேன். பையையும் வாங்கி வைத்துக்கொண்டேன். துறைக்கு எழுதிக் கேட்டதில், தலைப்பு நன்றாக இருக்கிறது, அடுத்த ஆண்டு மாணவர் யாராவது விரும்பினால் பார்க்கலாம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. டாக்டர் ஷமீமாவை அழைத்தேன். புது இடத்தில் அவருக்கு இன்னும் ஆய்வுக்கூடமே ஒதுக்கவில்லையாம். பை என் அறையில் இருக்கிறது. செல்வி அக்கா ஒவ்வொரு வாரமும் செய்தி அனுப்புகிறார்.

"அவசரம் இல்ல பவானி. வரிசையில உன் முறை வரும்போது பாரு, போதும்."

ஆளும் மாதிரியும் தானாகத் தேடி வரும் சமயம் பார்த்து ஆய்வுக்கூடத்துச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டு, கையில் ஒரு சுருட்டிய தாளையும் தலையில் ஒரு சதுரத் தொப்பியையும் கொடுத்து அனுப்புவதற்குப் பெயர்தான் பட்டமளிப்பு விழா.