துடைத்துவிட்டுப் பார்க்கும் அளவு

செய்தி ஒரு துண்டுத் தாளில் என் மேசைக்கு வந்தது. பூந்தமல்லி டாக்டர் ஞானபூஷணம் அம்மாள் நச்சுக்காய்ச்சலால் காலமானார், பிரமுகர்கள் பலர் அனுதாபம் தெரிவித்தனர் என்று, அவர்கள் பெயர்களோடு எழுதியிருந்தது. உதவி ஆசிரியர் எட்டிப் பார்த்து, "பேப்பர் கட்டுப்பாடு சார், மூணு வரிக்குள்ள அடக்கிடுங்க" என்றார். அடக்கினேன். பிரமுகர்களின் பெயர்களை எல்லாம் அடித்தேன். முதலில் இருந்த தாமோதரம் என்ற பெயரை மட்டும் தாள் கிழியும்படி அடித்தேன். மூன்று வரியில் நிற்காதவற்றை, அம்மாளை அறிந்த உங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

அவரை நினைத்ததும் உங்களுக்கும் முதலில் அந்த முகச்சுளிப்புதான் நினைவுக்கு வரும். கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த அவருடைய வைத்தியசாலைக்குள் நுழைந்தவர்களில் அதற்குத் தப்பியவர் இல்லை. நகக்கண்ணில் அழுக்கு, பாசி பிடித்த தண்ணீர்ப் பானை, தொப்புள்கொடி அறுக்கத் துருப்பிடித்த கத்தியோடு வந்த மருத்துவச்சி, எதுவானாலும் மூக்கு சுருங்கி, உதடு ஒரு பக்கமாக இறங்கும். படித்த திமிர் என்று சிலர் சொன்னார்கள். நானே ஒரு தடவை அவரிடம் கேட்டேன். "அருவருப்பு வராதவன் வைத்தியத்துக்கு வரக் கூடாது. அழுக்கு அவனுக்குப் பழகிப்போயிடும்" என்றார்.

ஊர் திரும்பிய வெள்ளைக்கார எஞ்சினீயர் ஒருவரிடம் வாங்கிய பழைய மோட்டார் ஒன்று அவரிடம் இருந்தது. டிரைவர் கிடையாது, அவரே ஓட்டுவார். எங்கள் வீடு எதிர்ச்சாரியில் இருந்ததால் தினமும் காலையில் நான் பல் துலக்கும்போது அவர் வண்டியின் மூடியைத் திறந்துகொண்டு நிற்பதைப் பார்ப்பேன். என்ஜினில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் இரும்புக் குச்சியை உருவுவார். காயத்துக்குக் கட்டும் வெள்ளைத் துணியால் அதைத் துடைப்பார். மறுபடி உள்ளே விட்டு எடுத்து, அதன் பிறகுதான் அளவைப் பார்ப்பார். குச்சி நுனியிலிருந்து ஒரு சொட்டைத் துணியில் வைத்து, கறை எப்படிப் பரவுகிறது என்று பார்ப்பார். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்ப்பார், முகர்வார். பிறகு முகம் சுளிப்பார்.

"ஒரு தடவை பார்த்தாச்சே, ஏன் ரெண்டாந்தடவை?" என்று தெருவைக் கடந்து போய்க் கேட்டேன்.

"முதல்ல வர்றது பொய் சார். வண்டி ஓடினப்ப தெறிச்சது குச்சி முழுக்க ஒட்டிக்கிட்டு இருக்கும். நிறைய இருக்கற மாதிரிக் காட்டும். துடைச்சிட்டு விட்டுப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். "நீங்க பத்திரிகைக்காரர். உங்களுக்கு நான் சொல்லணுமா?"

வெயில் காலத்துக்குக் கனத்த எண்ணெய், மழைக்காலத்துக்கு ஒரு படி மெலிந்தது. பட்டணத்தில் ஒரே கடையில்தான் வாங்குவார். ஆயிரம் மைல் ஓடியதும் பழைய எண்ணெயை அடியிலுள்ள நட்டைக் கழற்றிச் சூட்டோடு வடித்துவிடுவார். வடித்த எண்ணெயைப் பார்க்கும் முகம், சீழ் எடுக்கும்போது இருக்கும் முகமேதான்.

யுத்தம் வந்தது. நல்ல எண்ணெய் எல்லாம் பட்டாளத்துக்குப் போயிற்று. ஆவடியில் முகாம் வளர வளர, எங்கள் சாலையில் பட்டாளத்து லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. பெட்ரோல் இல்லாத பஸ்கள் கரி வாயுவில் இருமிக்கொண்டு ஓடின. வைத்தியர் என்பதால் அம்மாளுக்குக் கொஞ்சம் பெட்ரோல் கிடைத்தது. எண்ணெய்தான் அபூர்வம். ஒரே ஒரு டின்னை வைத்தியசாலை அலமாரியில், மருந்துகளோடு வைத்துப் பூட்டியிருந்தார்.

அந்த டின் போன கதை சிரிப்புக்குரியது. பாரிவாக்கத்தில் ஒரு வீட்டில் பிரசவம் பார்க்கப் போனவர், வாசலில் வண்டியை நிறுத்திக் குச்சியைப் பார்த்து, "எண்ணெய் குறையுதே" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போயிருக்கிறார். ஆண் குழந்தை பிறந்தது. சந்தோஷத்தில் வீட்டுக்காரர் ஒரு படி விளக்கெண்ணெயைக் கொண்டுவந்து, ஊற்றும் துளையைத் தேடிக் கண்டுபிடித்து, ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றிவிட்டார்.

"இன்னாத்த ஊத்தினே?" என்று அம்மாள் அவர் பாஷையிலேயே கேட்டாராம்.

"வெளக்கெண்ணதாம்மா. நம்ம செக்குல ஆட்டினது, சுத்தமானது. நீங்க எல்லாத்துக்கும் அதானே குடுப்பீங்க?"

"நான் குடுத்தா வயிறு போகும். இது போனா வண்டியில்ல போயிடும்?"

ஆனால் அன்று அவர் முகம் சுளிக்கவில்லை. விளக்கெண்ணெய் தனியாக நல்ல எண்ணெய்தான் என்றும், மற்றதோடு சேர்ந்தால் பிசினாகிவிடும் என்றும் அந்த மனிதருக்கு விளக்கியிருக்கிறார். வண்டியைக் கிளப்பாமல், அவருடைய மாடுகளையே பூட்டிப் பூந்தமல்லிக்கு இழுத்து வரச் செய்தார். மெக்கானிக் காதர் பாய் எல்லாவற்றையும் வடித்துக் கழுவிவிட்டு, பூட்டி வைத்திருந்த டின்னை ஊற்றினார். அதுவும் முழு அளவுக்குப் போதவில்லை. பட்டணத்துக் கடை கையை விரித்துவிட்டது.

மிச்சமிருந்தது தாமோதரத்தின் கடை. அந்தக் கடையின் பின்கட்டில் நடந்தது ஊருக்கே தெரியும். லாரிகளும் பஸ்களும் வடித்துப் போட்ட கரிய எண்ணெயைப் பீப்பாய்களில் வாங்கிவந்து, அண்டாவில் காய்ச்சி, மணலிலும் கோணியிலும் வடிகட்டி, பழைய டின்களில் அடைத்து, வாயை ஈயம் வைத்து மூடுவார்கள். அந்தச் சந்தில் நடந்தால் குமட்டும். சாக்கடை மேல் எண்ணெய் வண்ணம் காட்டிக்கொண்டு மிதக்கும். தாமோதரமோ சரக்கு வினியோகக் கமிட்டியில் அங்கத்தினர். எனவே தெரிந்தது எல்லாருக்கும் தெரியாததாகவே இருந்தது.

அம்மாள் அங்கே முதலில் போனபோது நானும் கூட இருந்தேன். ஒரு டின்னைத் திறக்கச் சொல்லி, துணியில் ஒரு சொட்டு விட்டு, முகர்ந்தார்.

"இன்னாம்மா, ஆயிலப் போயி மோந்து பாக்குறீங்க? கொழம்பா வெக்கப் போறீங்க?" என்றார் தாமோதரம்.

"வெச்சா நீங்க சாப்பிடுவீங்களா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தாமோதரமும் சிரித்தார். "சண்ட நடந்துகினு கீதும்மா. பட்டாளத்துக்குப் போனது போக மிச்சம் இன்னா கீதோ அதான்."

"இது மிச்சமில்ல, எச்சில்" என்று அம்மாள் துணியை அவர் மேசையிலேயே போட்டுவிட்டு வந்தார். வண்டியைக் கொட்டகையில் விட்டு, மாட்டு வண்டியிலும் நடந்தும் நோயாளிகளைப் பார்க்கப் போனார்.

கள்ளிக்குப்பத்திலிருந்து கன்னியப்பன் சைக்கிளில் வந்தது அப்போதுதான். அவர் ஒரு பயிர்க்காரர். மனைவிக்கு முந்தின நாளே வலி கண்டிருந்தது. குழந்தையின் கை முதலில் வந்துவிட்டது. மாட்டு வண்டியில் போகிற விஷயமில்லை. அம்மாள் குச்சியைப் பார்த்தார். எண்ணெய் கீழ்க்கோட்டைத் தொடவில்லை. அம்பத்தூரில் ரயில் பிடிக்க வேண்டியிருந்த நானும் ஏறிக்கொண்டேன். வண்டி நேரே தாமோதரத்தின் கடைக்குப் போனது.

தாமோதரம் தாமே ஒரு டின்னைத் தூக்கிவந்தார். "இது வேற சரக்கும்மா. சீல் ஒடைக்காதது. எங்க ஊட்டு வண்டிக்கினு எடுத்து வெச்சது" என்றார். கன்னியப்பன் பின்னாலிருந்து, "அம்மா, சீக்கிரம்மா" என்றார். அம்மாளின் கை பைக்குள் துணியைத் தேடிப் போனது. பாதியில் நின்றது. "ஊத்துங்க" என்றார்.

ஆவடி தாண்டும் வரை வண்டி நன்றாகவே ஓடியது. அம்பத்தூர் ஏரிக்கரையை நெருங்கும்போது அடியில் தட்டும் சத்தம் கேட்டது. அம்மாள் உடனே வேக மிதியிலிருந்து காலை எடுத்தார். அதற்குள் என்ஜின் இறுகி, புகைந்து, நின்றுவிட்டது. கன்னியப்பன் இறங்கி சாலை நடுவில் நின்று கையை ஆட்டினார். பட்டாளத்து லாரிகள் அவரைச் சுற்றிக்கொண்டு போயின. அம்மாள் செருப்பைச் சரிசெய்துகொண்டு நடக்கத் தொடங்கினார். பையை நான் தூக்கிக்கொண்டேன். உச்சி வெயிலில், வரப்பு வரப்பாக, கள்ளிக்குப்பம் வரை நடந்தோம். வழியில் ஒரே ஒரு தடவை அம்மாள், "நான் துணியை எடுக்கல" என்றார்.

தாய் பிழைத்தாள். குழந்தை இறந்தே பிறந்தது. முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கன்னியப்பன் கேட்கவில்லை. அம்மாள் தாமாகவே சொன்னார்: "பொழச்சிருக்கும் கன்னியப்பா. உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்." பிறகு கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் கை கழுவினார்.

காதர் பாய் என்ஜினைப் பிரித்தபோது நான் பார்த்தேன். எண்ணெயை உறிஞ்சும் குழாயின் சல்லடையில் கோணி நார் கற்றையாக அடைத்திருந்தது. அடியில் வண்டலும் மணலும். அம்மாள் அதை ஒரு கண்ணாடி ஜாடியில் வழித்து எடுத்தார். தாமோதரத்திடம் போய்க் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. ஜாடியை வைத்தியசாலை ஜன்னலில், மருந்துக்குக் காத்திருப்பவர்களின் கண்ணுக்கு நேரே வைத்தார். என்ன மருந்து அது என்று யாராவது கேட்டால், எங்கே வாங்கியது என்பது முதல் கள்ளிக்குப்பம் வரை சொல்வார். "பாக்காம ஊத்தினது என் தப்பு. டின்னுக்குள்ள இருந்தது அவர் தப்பு" என்று முடிப்பார். ஜாடியை எடுத்துவிடும்படி தாமோதரம் ஆள் அனுப்பினார். "அவர் கடைச் சரக்குதானே, இங்க இருந்தா விளம்பரம்தானேன்னு சொல்லு" என்று திருப்பி அனுப்பினார். அந்த வண்டி மறுபடி ஓடவில்லை. யுத்தம் முடிந்தும் அம்மாள் நடந்துதான் போய்வந்தார். கடைசிக் காய்ச்சல் வந்ததும் அப்படி நடந்துபோன ஒரு வீட்டில்தான்.

இரங்கல் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். தலைமை தாமோதரம். பட்டு அங்கவஸ்திரம், சந்தனம். அம்மாளின் படத்துக்கு முதல் மாலை அவர் கையால் விழுந்தது. ஞாபகார்த்தக் கமிட்டிக்கும் அவரே தலைவர் என்று அறிவித்தார்கள். பிறகு அவர் பேசினார்: "நமது அம்மையார் ஒரு நாள் கள்ளிக்குப்பம் செல்லும்போது மோட்டார் நின்றுவிட்டது. ஆனால் அவர் மனம் நிற்கவில்லை. கொளுத்தும் வெயிலில் நடந்தே சென்று ஒரு தாயைக் காப்பாற்றினார். இந்தத் தியாகத்தை நாம் கல்லில் பொறிக்க வேண்டாமா?" கைதட்டினார்கள். என் பக்கத்திலிருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சந்தின் நாற்றம் மறுபடி வந்ததுபோல் நான் முகம் சுளித்தேன். தன் அழுக்கையே ஒருவன் காய்ச்சி, வடிகட்டி, இறந்தவருக்குப் பூசி விற்க முடியும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

பின்வரிசையிலிருந்து கன்னியப்பன் எழுந்து மேடைக்குப் போனார். வைத்தியசாலைக் கம்பவுண்டரிடம் கேட்டு வாங்கிய அந்த ஜாடியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். துண்டை விலக்கி, தாமோதரத்தின் முன்னால், படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இன்னாப்பா இது, அம்மா குடுத்த மருந்தா?" என்று தாமோதரம் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடி கேட்டார்.

"மருந்துதான் நைனா. உங்க கடை மருந்து" என்றார் கன்னியப்பன். "வண்டி ஏன் நின்னுச்சினு சொல்லாம உட்டுட்டீங்களே, அதான் கொண்ணாந்தேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தன் இடத்தில் வந்து உட்கார்ந்தார். தாமோதரம் ஜாடியை மேசைக்கு அடியில் தள்ளப் போனார். வெளிப்புறமெல்லாம் பிசுக்கு. பட்டு அங்கவஸ்திரத்தைப் பார்த்தார், கையை இழுத்துக்கொண்டார். வேறு யாரும் அதைத் தொட முன்வரவில்லை. அதன் பிறகு பேசிய ஒவ்வொருவரும் அந்த ஜாடியை முன்னால் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டியிருந்தது. பேச்சுகள் சுருக்கமாக முடிந்தன.

அம்மாளிடமிருந்து என்னோடு தங்கியவை இரண்டு. ஒன்று, முகஞ்சுளிக்க வெட்கப்படாமை. மற்றது, குச்சியைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்க்கும் வழக்கம். கல் வைக்கப் போகிறார்கள் என்று கேள்வி. மோட்டார் நின்றதும் நடந்து சென்றவர் என்று அதில் இருக்குமாம். அது முதல் தடவை உருவிய குச்சி. துடைத்துவிட்டுப் பார்த்ததை நான் இங்கே எழுதிவைக்கிறேன்: அந்த வண்டி தானாக நிற்கவில்லை.