நின்று அளந்த லிஃப்ட்

“என் உடம்பைவிட நல்ல அளவுகோல் உலகத்துல கிடையாது. நான் நுழையற லிஃப்ட்ல யாரும் நுழையலாம்!”

லிஃப்ட் ஆய்வாளர் இப்படி முழங்காமல் அந்த ஊரில் எந்தப் பொதுக் கட்டடமும் திறக்கப்பட்டதில்லை. வெறும் சவடால் என்று தள்ளிவிடவும் முடியாது, உடம்பு அப்படி. ஸ்ட்ரெச்சரில் படுத்தவரைப் படுத்த வாக்கிலேயே ஏற்றும் அளவுக்கு லிஃப்ட் இருக்க வேண்டும் என்று விதிப் புத்தகம் சொல்கிறது. அதைப் படிக்கக் கண்ணாடி வேண்டும்; அவர் கண்ணாடியோ எப்போதும் வீட்டில் இருக்கும். ஆகவே லிஃப்டுக்குள் போவார், சந்தில் லாரி திரும்புவதுபோல் ஒரு சுற்று சுற்றுவார். தொப்பை இடிக்கவில்லையா, கையெழுத்து! ஒப்பந்தக்காரர்கள் அவரைத் தெய்வமாகவே கொண்டாடினார்கள்.

வரி அலுவலகத்தின் புதுக் கட்டடத்துக்கும் அப்படித்தான் கையெழுத்து விழுந்தது. பிறகொரு நாள் மனைவியோடு அதன் நான்காம் மாடிக்குப் போனவர், அப்போதுதான் துடைத்த தரையில் வழுக்கி, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். இடுப்பெலும்பு போயிற்று.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து ஸ்ட்ரெச்சரில் கிடத்தி வாரால் கட்டினார்கள். “அசையாதீங்க சார். இடுப்பு மடங்கிச்சுன்னா அப்புறம் நடக்கறதே சந்தேகம்.”

லிஃப்ட் வாசலில் ஊர்வலம் நின்றது. நேராக விட்டார்கள்; கால் வெளியே. குறுக்காக விட்டார்கள், தலை வெளியே. கதவு வந்து வந்து அவர் பாதத்தைத் தொட்டுவிட்டுப் போனது, நலம் விசாரிப்பதுபோல.

“யாருங்க இந்தத் தீப்பெட்டிக்குக் கையெழுத்துப் போட்ட புண்ணியவான்?” என்றார் ஆம்புலன்ஸ்காரர்.

புண்ணியவான் கண்ணை மூடிக்கொண்டார்.

காவலாளிக்கு ஒரு யோசனை தோன்றியது. “நிக்க வெச்சுக் கொண்டு போங்களேன். சார் நின்னுதானே பாஸ் பண்ணாரு?”

“வீட்டுக்குக் கட்டில் வாங்கறப்ப கடையிலயே ஏறிப் படுத்துப் பாத்தீங்களே!” என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே திட்டினார். “அந்தப் புத்தி இங்க எங்க போச்சு?”

கடைசியில் படிக்கட்டுதான். வரி கட்ட வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு கை கொடுத்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் உலகத்தின் நல்ல அளவுகோல் “ஐயோ, இடுப்பு!” என்று அலறியது. மனைவி லிஃப்டில் சௌகரியமாக இறங்கி, கீழே காத்திருந்தார்.

நல்லவேளை, எலும்பு கூடியது. கைத்தடியோடு அவர் வேலைக்குத் திரும்பிய அன்று ஒரு நூலகத்தின் புது லிஃப்ட் காத்திருந்தது. ஒப்பந்தக்காரர் பல்லெல்லாம் தெரிய வரவேற்றார்.

“வாங்க சார், வழக்கம்போல ஒரு சுத்து. முடிஞ்சுது வேலை!”

ஆய்வாளர் சுற்றவில்லை. கைத்தடியைச் சுவரில் சாய்த்தார். லிஃப்ட் தரையில் தலைப்பக்கம் கைக்குட்டையை விரித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தி, மல்லாந்து படுத்தார். முழங்காலுக்குக் கீழே எல்லாம் வராந்தாவில் கிடந்தது. கதவு வந்து காலைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனது.

“பத்தாது,” என்றார், படுத்தபடியே.