இடி மழையில் அப்பாவின் கழி

மலேசியாவில், லூனாஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் நாங்கள் இருந்தபோது அக்கா நான்காம் படிவம், நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. அக்காவுக்கு இயற்பியல் புதுப் பாடம். படித்ததோடு நில்லாமல், அடுப்படியில் நிற்கும் அம்மாவுக்கும் அதை நடத்துவாள். பொருள் ஏன் நகர்கிறது, ஏன் விழுகிறது என்று பார்ப்பது இயக்கவியலாம். சூட்டைப் பார்ப்பது வெப்பவியல். ஒளிக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று, மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் சேர்த்து ஒன்று. கண்ணுக்கே தெரியாத அணுவுக்குக்கூட ஆள் போட்டு வைத்திருக்கிறார்களாம். அம்மா ரசத்தை இறக்கியபடியே, "இத்தன பேரா பிரிச்சுக்கிட்டுப் பாக்குறாங்க? இங்க நான் ஒருத்தியே எல்லாத்தையும் பாக்குறேன்" என்பார். அம்மாவின் வாய் அப்படி.

ஒருநாள் மத்தியானம், அம்மா கோயிலில் பூக் கட்டப் போயிருந்த நேரம், வானம் கறுத்தது. மின்னல் வெட்டிக் கொஞ்சம் பொறுத்து இடி. ஒளி முந்தும், ஒலி பிந்தும், இடைவெளி குறையக் குறைய இடி கிட்டே வருகிறதென்று அர்த்தம் என்று அக்கா உற்சாகமாக விளக்கினாள். அடுத்த மின்னலோடு இடியும் சேர்ந்தே விழுந்தது. அக்காவின் முகம் மாறியது. அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத்தில் குலை வெட்டுகிறவர். அவர் தூக்கிப் பிடிப்பது எங்கள் கூரையைவிட உயரமான அலுமினியக் கழி, நுனியில் அரிவாள்.

"அலுமினியத்துல மின்சாரம் பாயும்டி" என்றாள், மெதுவாக.

ரப்பரில் பாயாதாம். அம்மாவின் ரப்பர் பூட்ஸை எனக்கு மாட்டிவிட்டு, அப்பாவின் பழையதைத் தான் மாட்டிக்கொண்டாள். கொட்டும் மழையில் ஓடினோம். பூட்ஸ் ஒரு பக்கம் போனது, கால் ஒரு பக்கம் போனது.

அப்பா வெட்டும் வரிசையில் ஆளே இல்லை. வெட்டிய குலைகள் கிடந்தன, பக்கத்தில் அப்பாவின் கழியும் கிடந்தது. அதைப் பார்த்ததும் அக்கா அழுதுவிட்டாள். விட்டுப் போக மனம் வராமல் கழியைத் தோளில் தூக்கிக்கொண்டு, அப்பா அப்பா என்று கூப்பிட்டபடி மண்பாதையில் நடந்தாள். பின்முனையை நான் பிடித்துக்கொண்டேன்.

எதிரே தோட்டத்து வேன் வந்தது. முதல் இடிக்கே, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் எல்லாரையும் ஏற்றிக் கொண்டுபோய் வீட்டில் விட்டிருந்தாராம். எங்களைக் காணாமல் அப்பா அதே வேனைத் திருப்பியிருக்கிறார். ஜன்னலில் பாதி உடம்பு வெளியே தெரிய, "கழியக் கீழ போடும்மா! போட்டுட்டு ஓடி வா லா" என்று கத்தினார்.

வேனுக்குள் எங்கள் இருவர் தலையையும் மாற்றி மாற்றித் தடவிக்கொண்டே இருந்தார். டிரைவர் அண்ணன்தான், "படிச்ச புள்ள, மின்னலுக்கு ஆண்டெனா புடிச்சுக்கிட்டு வருது" என்றார். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள்.

கோயிலிலிருந்து திரும்பியிருந்த அம்மா வீட்டில் தலை துவட்டிவிடும்போது, அப்பாவைக் காப்பாற்றிவிட்டோம் என்று பெருமையாகச் சொன்னேன். அப்பா மறுக்கவில்லை. "ஆமாம்மா, காப்பாத்திட்டீங்க" என்றார்.

பள்ளியில் ரொம்ப நாள் அப்படியே சொல்லித் திரிந்தேன். அந்த வேன் யாரைக் காப்பாற்ற வந்தது என்று யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை.