பெரிய பெட்டிக்குள் வைக்கச் சொன்ன இன்சுலின்

என் பயத்துக்காக ஒரு நோயாளியிடம் தெரிந்தே பொய் சொன்னேன். மருந்துக் கவுண்டரில் நிற்கப்போகும் இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அப்போது செங்கலடிப் பக்கம் ஓர் அரச கிளினிக்கில் மருந்தாளராக இருந்தேன். பரமேஸ்வரி அக்கா சுனாமியில் கடற்கரை வீட்டை இழந்து, சித்தாண்டியில் தங்கையோடு இருந்தவ. நாளுக்கு இரண்டு தரம் இன்சுலின் போட வேண்டும். சுனாமிக்குப் பின் அவ முதலில் இருந்த அகதி முகாமில் ஃபிரிட்ஜ் இல்லாதபோது, பெரிய சட்டியில் ஈரமணல் நிரப்பி, நடுவில் சிறு மண்முட்டியைப் புதைத்து அதற்குள் மருந்தை வைக்கப் பழக்கியவன் நான். குளிர் இருந்தால் மருந்து பழுதாகாது என்று சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து என் பேச்சை அவ அப்படியே நம்பினா.

யுத்தத்தின் கடைசிக் காலத்தில், மகளின் பிரசவத்துக்குக் கனடா போக அக்காவுக்கு விசா கிடைத்தது. விமானத்தில் இன்சுலினையும் சிரிஞ்சையும் கைப்பையில் கொண்டுபோகக் கடிதம் கேட்டு வந்தா. டொக்டர் கையெழுத்திடுவார், கொடுத்த சிரிஞ்சின் எண்ணிக்கையை எழுதி நானும் கையெழுத்திட வேண்டும். அதற்கு முந்தைய மாதம்தான், யாருக்கோ மருந்து கொடுத்தார் என்று பக்கத்து ஊர் மருந்தாளர் ஒருவரை ஆயுதத்தோடு வந்தவர்கள் வான் வண்டியில் ஏற்றிப் போயிருந்தார்கள். அவர் திரும்பவில்லை. கிளினிக் வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றாலே பின்கதவைப் பார்ப்பேன். என் பெயரைச் சுமந்த அந்தத் தாள் எத்தனை செக்பொயின்ட் தாண்டும் என்று எண்ணிப் பார்த்தேன். பேனையை மூடிவிட்டேன்.

"கடிதம் தேவையில்ல அக்கா. பெரிய பெட்டிக்குள்ள, சீலைக்கு நடுவில வையுங்க. அந்தப் பெட்டி போற பிளேனின்ட அடிப்பக்கம் நல்ல குளிர்."

"அப்ப நம்மட முட்டியை விடத் திறமோ?" என்று சிரித்தா.

"ஓம்" என்றேன்.

அங்கே இன்சுலின் உறையக்கூடும் என்பதும், உறைந்த இன்சுலின் வேலை செய்யாது என்பதும் எனக்குத் தெரியும். வழியில் பிடிபட்டால் அவ மட்டும்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதும் தெரியும்.

அக்கா கனடா போய் இரண்டு கிழமை கழித்துத் தங்கை கிளினிக்குக்கு வந்தா. அக்கா ஒழுங்காக ஊசி போட்டும் இரத்தத்தில் சீனி இறங்கவில்லையாம்; ஐந்தாம் நாள் நினைவில்லாமல் விழுந்துவிட்டாவாம். "ஒரே ஆஸ்பத்திரியில மகள் ஒரு மாடியில பிள்ளை பெத்திருக்கா சேர். தாய் மற்ற மாடியில கண் திறக்கல்ல." அப்போதும் உண்மையைச் சொல்லாமல், அடுத்தவரின் மருந்துத் துண்டை வாங்கினேன்.

அக்கா பிழைத்துத் திரும்பினா. செக்பொயின்டுகள் அகன்ற பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது. சித்தாண்டிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பயமா இருக்கு எண்டு சொல்லியிருந்தா, நான் வேற ஆளிட்டக் கேட்டிருப்பன் தம்பி."

இன்றுவரை நான் கற்ற பாடம் அது ஒன்றுதான்.

அக்காவின் அடுத்த பயணத்துக்கு, அவ கேட்காமலே கடிதம் தயாரித்தேன். டொக்டரின் கையெழுத்துக்குக் கீழே என் பெயரை முழுதாக எழுதினேன். இன்சுலின் போத்தல்களில் ஐஸ் படாமல் துணி சுற்றி, கைப்பைக்குள் வைக்கும் சிறிய கூல் பொக்ஸ் ஒன்றும் கொடுத்தேன். அக்கா மரியாதையாக வாங்கிக்கொண்டா.

பிறகு அறிந்தேன்: அவற்றை மட்டக்களப்பு டவுனுக்குக் கொண்டுபோய் வேறொரு மருந்தாளரிடம் காட்டி, எல்லாம் சரி என்று அவர் சொன்ன பிறகுதான் அக்கா விமானம் ஏறினாவாம்.